ஐந்து சென்டிமீட்டர்

விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை பார்க்கிற மனுஷனிடம் பார்சலை மறைக்க நினைப்பது, பூனையிடம் கருவாட்டை ஒளித்துவைக்கிற கதைதான். ஜுலைகாவுக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும், ஸ்பிரிங் வந்து சேர்ந்துவிட்டது என்று போனுக்கு வந்த செய்தியை அழித்துவிட்டு இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, சைகோனின் டான் சோன் நாட் விமான நிலையத்திலிருந்து அவள் கணவர் ஜலீலே அந்தப் பெட்டியைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ரெண்டு நாளா நம்ம ஷெட்டுலயே கெடந்திக்கிது புள்ள. ஞாயித்துக்கெழம மாட்டிருவோம்" என்றார்.

ஜூன் மாதம் ஆர்டர் செய்தது. அந்த உயரமான அட்வெஞ்சர் பைக்கில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்கு குத்த இறங்குகிறது என்பது அவருடைய ஓயாத குறை. கம்பெனி போட்டுக் கொடுத்த, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் ஒடிசலான ஆளுக்கானது. அவரோ அப்போது எண்பத்தெட்டு கிலோ. புது ஸ்பிரிங் செய்து தருகிறவர்கள் வலைத்தளத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுப்பாகப் பதில் எழுதினார். ஓட்டுகிறவர் எடை, பின்னால் உட்காருகிறவர் எடை, பெட்டிகளின் எடை. ஜுலைகா தன் எடையில் நாலு கிலோவை விழுங்கிவிட்டுச் சொன்னாள் என்பது வேறு விஷயம். டிசம்பரில் இரண்டு பேரும் வடக்கே ஹா ஜியாங் மலைகள்வரை போவதாகத் திட்டம்.

ஜூலையில் வயிற்று வலி வந்தது. ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் ஜுலைகாவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வலிக்கு மாத்திரை கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றார். நோயாளியிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் சைகோனும் காரைக்காலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஊரிலிருந்து ஜலீலின் காக்கா, மூத்த அண்ணன் காதர் மைதீன், போனிலேயே அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"தம்பிக்கிட்ட மூச்சு விட்றாதம்மா. தெரிஞ்சா மறுநாளே படுத்துருவான்."

அவள் அதை அப்படியே நம்பினாள். அவருக்குத் தெரியாதவரைக்கும் அவர் இருப்பார். தெரிந்த அன்று போய்விடுவார். அதனால் ஜலீலுக்கு வந்திருப்பது குடல் புண் என்று ஆயிற்று. குளியலறை எடை மெஷினில் பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவர் வேலைக்குப் போன பிறகு பேண்ட்டுகளின் இடுப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று பிடித்துத் தைத்தாள். வியாழக்கிழமை தைத்தது அடுத்த புதனுக்குள் மறுபடி தொளதொளக்கும். பெற்றவள்கூட ஒரு பிள்ளையின் உடம்பை இவ்வளவு கவனமாக அளந்திருக்க மாட்டாள்.

இப்போது எண்பத்தெட்டு கிலோ ஆளுக்கென்று செய்த ஸ்பிரிங் வந்து வாசலில் நிற்கிறது. ஸ்பிரிங்குக்கு யாரிடமும் சத்தியம் செய்துகொடுத்த பழக்கம் கிடையாது.

ஞாயிறு காலை ஜலீல் பைக்கைக் கீழ்வீட்டுக் கூடத்துக்குள் தள்ளிவந்து, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். ஃபோர்க்கின் மூடிகளைத் திறந்து பழைய ஸ்பிரிங்குகளை உருவினார். எண்ணெய் சொட்டச் சொட்ட அவற்றைச் செய்தித்தாளில் படுக்கவைத்தார். புது எண்ணெய் ஊற்றி, உயரம் பார்த்து, புது ஸ்பிரிங்குகளை இறக்கினார். முன்பென்றால் ஒன்றரை மணி நேர வேலை. அன்று மதிய லுஹர் தொழுகை நேரம் ஆகியும் முடியவில்லை. நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்து, "ஸ்பேனர் சரியில்ல" என்று ஸ்பேனரைத் திட்டினார். ஜுலைகாவும் சேர்ந்து திட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அளவு. சக்கரம் தூக்கியிருக்கும்போது ஃபோர்க்கின் நீளம் ஒரு கணக்கு, ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிரிங் அமுங்குகிற அளவு.

"அஞ்சு சென்டிமீட்டர் அமுங்கணும் புள்ள. அமுங்குனா எனக்குன்னே செஞ்ச ஸ்பிரிங்."

பயணத்துக்குப் போடுகிற ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, கட்டையை எடுத்துவிட்டு, ஜன்னல் கம்பியை ஒரு கையால் தொட்டபடி ஏறி உட்கார்ந்தார். ஜாக்கெட்டின் தோள் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கிக் கிடந்தது. ஜுலைகா டேப்பைப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். மூன்றரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றரைதான்.

"எவ்வளவு?"

"அஞ்சு."

"சரியா அஞ்சா?"

"சரியா அஞ்சு மச்சான். ஒரு நூல் கூட இல்ல, கொறைய இல்ல."

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "நல்ல ஸ்பிரிங்" என்றார் ஜலீல்.

பொய் சொல்லித் தப்பித்தாயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்து வேலைக்குப் போனவர் அவர். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். செவ்வாயன்று சந்து முனையில் தோண்டி மூடிய பள்ளத்தை பைக் தாண்டுவதை மாடியிலிருந்து பார்த்தாள். முன்பக்கம் துளி அமுங்கவில்லை. அடி முழுவதும் மேலே ஏறி அவர் வயிற்றில் இறங்கியது. ஒரு கையால் வயிற்றை அமுக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் ஓட்டிவந்தார். புதனும் அப்படியே. ஸ்கூட்டரில் போங்களேன் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு வார்த்தையில் அவர் வலியைப் பாதியாக்கலாம், அந்த வார்த்தையே அவரைக் கொன்றுவிடும். இப்படி ஒரு பாவத்தில் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டீர்களே என்று காதர் மைதீனை மனதுக்குள் வைதாள்.

வெள்ளிக்கிழமை ஜலீல் டோங் டு பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். ஜுலைகா காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தபோது முன் சக்கரம் மறுபடி தூக்கியிருந்தது. புது ஸ்பிரிங்குகள் செய்தித்தாளில் கிடந்தன. ஜலீல் இரண்டாவது மூடியை முடுக்கிக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகெலும்போடு ஒட்டியிருந்தது.

"என்ன மச்சான் இது?"

"பழசத் திருப்பி மாட்டிட்டேன். டேப்ப எடுத்துட்டு வா."

அடியில் இருந்த கட்டையை அவரே எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை ஜாக்கெட் இல்லை, ஹெல்மெட் இல்லை. முகம் தெரிந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி, டேப்பைப் பிடித்தாள்.

"உள்ளதப் படி."

"அஞ்சு" என்றாள். அது உள்ளதுதான்.

"என் எடைக்கு இதுதான் புள்ள சரி. அறுவத்து மூணு கிலோ."

ஜுலைகாவுக்குத் தலை நிமிரவில்லை.

"சரக்கு நிறுக்குற எடத்துல வேல பாக்குறேன். நீ வீட்டு மெஷின்ல பேட்டரியக் கழட்டுனா எனக்குத் தெரியாமப் போயிருமா? வாரா வாரம் ஏறி நின்னு பாத்துக்கிட்டுதான் இக்கிறேன்."

"அப்ப ஏன் அத மாட்டுனீங்க?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன். ஓட்டிரலாம்னுதான் பாத்தேன். ஒடம்பு தாங்கல." பெட்ரோல் டேங்க்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். "எத்தன மாசம்னு சொன்னாஹ?"

மூன்று மாதமாக அவள் எந்தக் கேள்விக்கு நடுங்கிக்கொண்டிருந்தாளோ அதே கேள்வி. கூரை இடிந்து விழவில்லை. அவரும் படுத்துவிடவில்லை, பைக்கின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெட் வரைக்கும்" என்றாள். "டெட் புதுவருசப் பண்டிகய பாத்தா பெருசுன்னு சொன்னாஹ."

ஜலீல் விரல் விட்டு எண்ணினார். "இன்னும் மூணு மாசம் இக்கிது. மூணு மாசத்த சும்மா விட்டுட்டோம் புள்ள."

அவள் டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்க போயி அழுவ?" என்று கேட்டார்.

"மொட்ட மாடியில. துணி காயப்போடப் போறப்ப." அவளும் கேட்டாள். "நீங்க?"

"ஷெட்டுல. கன்டெய்னருக்குப் பின்னாடி."

அவர் இறங்க முடியாமல் இறங்கினார். அவள் எழுந்து தாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் எண்ணெய் படிந்த அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்கள் ஒரே இடத்தில் அழுதார்கள்.