நூறு கிலோமீட்டருக்குப் பிறகு

மாப்பிள்ளை ஜாக்கியை டிக்கியிலிருந்து இறக்கித் தரையில் வைத்த பிறகுதான் என் வண்டியின் சக்கரங்களைக் கவனித்தார். நவம்பர் முதல் ஞாயிறு. ஊருக்குள் இன்னும் பனி விழவில்லை, மலைகள் மட்டும் வெளுத்துவிட்டன. ஆண்டுதோறும் இதே ஞாயிறு, இதே பத்து மணிக்கு, தான் குடியிருக்கும் ஃபுககாவாவிலிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருவார். என் வண்டியின் கோடை டயர்களைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, பனி டயர்களை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த முறை நான்கு சக்கரங்களிலும் புத்தம் புதிய பனி டயர்கள் ஏற்கெனவே இருந்தன. புது ரப்பரில் முளைத்திருக்கும் மெல்லிய முடிகள்கூட உதிரவில்லை. அவர் குனிந்து அவற்றில் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடையிலயே மாட்டிட்டீங்களா அத்தை?"

"ஆமா மாப்பிள்ளை. பழசெல்லாம் கட்டையா இறுகிப்போச்சுன்னாங்க. கழட்டின கோடை டயரையும் அவங்களே வச்சுக்குவாங்களாம். வசந்தத்துல போனா அவங்களே மாத்திக் குடுத்துடுவாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

மூன்று நாட்களாகச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள். ஒப்பிக்கும்போது நன்றாகத்தான் வந்தன. அவர் "நல்லது அத்தை" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "நல்லதுதான்" என்றார். பிறகு அந்தக் கனத்த ஜாக்கியைத் தூக்கி டிக்கியில் சத்தமே வராமல் வைத்து மூடினார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. தேநீர் போடுகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

கெங்கோ என் ஒரே மகள் சயோவின் கணவர். சயோ நோயில் விழுந்து இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இந்த வண்டி அவளுடையது. நிறுத்தியே வைத்தால் கெட்டுப்போகும், நீங்கள் ஓட்டுங்கள் என்று மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விட்டார். நாட்டின் வடகோடியில் இருக்கிற எங்கள் அசாஹிகாவாவில் தெருவுக்குத் தெரு நான்கு சக்கரமும் இழுக்கிற உயரமான வண்டிகள்தான். என்னுடையது முன்சக்கரம் மட்டும் இழுக்கிற, வயிறு தாழ்ந்த செடான். பனி கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் அடிவயிற்றால் தெருவைப் பெருக்கிக்கொண்டே போகும். "நீங்க வண்டி ஓட்டுறீங்களா, பனி கூட்டுறீங்களா?" என்று எதிர்வீட்டு ஓனோ அம்மாள் கேட்பாள். "ரெண்டும்தான். கூலி குடுங்க" என்பேன்.

உண்மையில் அது ஒன்றும் மோசமான வண்டி இல்லை. என்ஜின் கனம் முழுவதும் முன்சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் மேட்டில் சமர்த்தாக ஏறிவிடும். இறக்கத்தில்தான் அதன் குணம் தெரியும். அவசரப்பட்டு பிரேக்கை மிதித்தால், லேசான பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு நகர ஆரம்பிக்கும். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தின் மதிய உணவுக் கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். பின்சீட்டில் மூடி இல்லாத சூப் அண்டா இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். நான்கு குளிர்காலத்தில் ஒரு சொட்டும் சிந்தியதில்லை.

கடைக்குப் போனதற்குக் காரணம் அலைச்சல் இல்லை. செப்டம்பரில் மாப்பிள்ளை வந்து, தலையைக் குனிந்துகொண்டு, வசந்தத்தில் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். பெண்ணின் பெயர் அகெமி. அவர் வேலை பார்க்கும் வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில்தான் அவளும் இருக்கிறாள். தெற்குக் கோடியில், பனி பழகாத ககோஷிமாவைச் சேர்ந்தவள். திருடி மாட்டிக்கொண்டவர் போல அதைச் சொன்னார். நாற்பத்தாறு வயசு மனிதர் எத்தனை நாள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார்? சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான், பொய் இல்லை. அன்றைக்கு எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை, அதுவும் பொய் இல்லை. அப்புறம் யோசித்தேன். புதுசாகக் குடும்பம் நடத்தப் போகிறவர், இறந்துபோன மனைவியின் அம்மா வீட்டு வாசலில் வருஷா வருஷம் மண்டி போட்டு நட்டு கழற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அவராக வராமல் இருக்க மாட்டார். விடுவிப்பதென்றால் நான்தான் விடுவிக்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் ஒபாராவின் டயர் கடைக்குப் போனேன்.

இழுப்பது முன்சக்கரம்தானே, முன்னால் இரண்டு மட்டும் புதுசு போட்டால் போதும் என்றேன். ஒபாரா கையைத் துடைத்துக்கொண்டே மறுத்தார்.

"முன்னாடி மட்டும் நல்லாப் பிடிச்சா, இறக்கத்துல பிரேக் போடுறப்போ பின்பக்கம் உங்களை முந்திக்கிட்டுப் போகப் பாக்கும்மா. மாத்துனா நாலையும் மாத்துங்க, இல்லேன்னா வீட்டுலயே இருங்க. எத்தனை குளிர்காலம் ஓட்டப் போறீங்க?"

டயர்க்காரர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அறுபத்தொன்பது வயதில் அது வேறு மாதிரி காதில் விழுகிறது. ஒரு வகை ரப்பர் மெத்தென்று இருக்கும், கண்ணாடி மாதிரி உறைந்த தெருவிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் மூன்று குளிர்காலத்தில் தேய்ந்துவிடும். இன்னொன்று கொஞ்சம் கடினம், ஐந்து தாங்கும். மூன்று போதும், அதற்கப்புறம் இருந்தால் மறுபடி வருகிறேன் என்றேன். மாட்டி முடித்ததும் ஒபாரா வண்டியின் தூரமானியைச் சுழியத்தில் வைத்தார். "நூறு கிலோமீட்டர் ஓடினதும் வாங்கம்மா. நட்டு கொஞ்சம் இளகும். திரும்ப இறுக்கணும்."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தது ஒரு வருகையை அல்ல, இரண்டை. டயர் மாட்டிவிட்டுப் போகும் மாப்பிள்ளை, நூறு கிலோமீட்டர் ஆனதும் கூப்பிடுங்கள் என்பார். கூப்பிட்டால் இறுக்கிக் கொடுப்பதற்கென்றே இன்னொரு முறை வருவார். காய்கறிக் கடை, வெந்நீர்க் குளியல் கூடம், சயோவின் கல்லறை, இவ்வளவுதான் என் ஓட்டம். நூறு சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது வருடம் மட்டும் ஆறே நாளில் ஆகிவிட்டது. வேறொன்றுமில்லை, ஆற்றங்கரைச் சாலையில் போவதும் வருவதுமாகச் சும்மா ஓட்டினேன். மாப்பிள்ளை தூரமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறுக்கிக் கொடுத்துவிட்டு இரண்டு கிண்ணம் பூசணிக் குழம்பு சாப்பிட்டுப் போனார்.

புது டயர்களைப் பார்த்த அந்த ஞாயிறு, மாப்பிள்ளை தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். பிறகு, கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அத்தை, நகராட்சியில ஒரு தாள் இருக்காமே. நீங்க விருப்பப்பட்டா நான் குடுத்துடறேன்."

எனக்கு அந்தத் தாளைத் தெரியும். கணவனோ மனைவியோ இறந்த பிறகு, உயிரோடு இருப்பவர் மாமியார் வீட்டுச் சொந்தம் இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் தாள். யார் சம்மதமும் வேண்டாம். எதிர்வீட்டு ஓனோ அம்மாளின் மருமகள் அப்படித்தான் கொடுத்தாள். வேறு ஏதோ வேலையாகக் குடும்பப் பதிவேட்டின் நகலை வாங்கிய அன்றைக்குத்தான் ஓனோ அம்மாளுக்கு அது தெரிந்தது. இவர் நான் அதற்குத்தான் அடிபோடுகிறேன் என்று நினைத்துவிட்டார். டயரைக் கடையில் மாட்டியதை, இனி வராதீர்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை மறுபடி கட்டிப்போட்ட மாதிரி ஆகுமோ என்று பயந்தேன். "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் வாசலில் வழக்கத்தைவிட ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். என்னைப் போல ஒரு மடச்சி இருக்க முடியாது.

நவம்பர் நடுவில் பனி இறங்கி, அப்படியே தங்கிவிட்டது. அந்த வருடம் எனக்கு வெளியே போகவே பிடிக்கவில்லை. போன இடத்திலெல்லாம் தூரமானியைப் பார்த்தேன். முப்பது, நாற்பத்தெட்டு, அறுபது. தபால் வந்தால் நகராட்சியிலிருந்தோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் அவர்கள் தபால் போட மாட்டார்கள் என்று தெரிந்தும்தான்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை எழுபத்தொன்று காட்டியது. நூறாகவில்லை, ஆனாலும் ஒபாராவிடம் இறுக்கிக்கொண்டு வந்துவிடலாம், இந்த நச்சரிப்பு தீரட்டும் என்று கிளம்பினேன். பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எல்லா வண்டிகளும் நின்று நின்று கிளம்பி அந்த இடத்தில் தெருப் பனி பளபளவென்று தேய்ந்திருந்தது. கடைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்க விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபுககாவாவுக்கு நேராகப் போக வேண்டும். மாப்பிள்ளைதான் எப்போதும் வருவார், குளிர்காலத்தில் நான் அந்தப் பக்கம் ஓட்டிப் போனதே இல்லை. பச்சை விழுந்தது. நான் இடப்பக்க விளக்கை அணைத்துவிட்டு நேராகப் போனேன். பின்னால் இருந்தவன் என்னைத் திட்டியிருப்பான்.

ஊர் தாண்டியதும் சாலை ஆற்றோடு சேர்ந்து பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கறுப்பாக ஓடும் தண்ணீர். பனித்தூள் கண்ணாடியை நோக்கி வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. மலைச் சுரங்கப்பாதைக்கு முன்னால் ஓர் இறக்கத்து வளைவில் எதிரே லாரி வர, ஒரு கணம் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. பின்பக்கம் வெளியே நழுவுவதை இடுப்பில் உணர்ந்தேன். காலை எடுத்தேன். ஸ்டீயரிங்கை மெல்ல, மிக மெல்ல, வண்டி போக விரும்பிய பக்கமே விட்டுக்கொடுத்தேன். ஒரு மூச்சு நேரம். பிறகு நான்கு டயர்களும் ஒன்றாகப் பிடித்தன. லாரி போனது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் "சயோ" என்று ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். எதற்கென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அத்தை? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நூத்திநாலு ஆச்சு."

அவர் குனிந்து தூரமானியைப் பார்த்தார். "இந்தப் பனியில அந்தப் பள்ளத்தாக்கு வழியாவா வந்தீங்க?"

"பறந்து வர எனக்கு இறக்கையா இருக்கு? இறுக்கிக் குடுங்க மாப்பிள்ளை. கடைக்காரன் இறுக்கினா எனக்கு மனசு ஒப்பாது."

அவர் போய் நட்டு இறுக்கும் நீளமான கம்பியை எடுத்து வந்தார். போதிய இறுக்கம் வந்தால் அதுவே 'டக்' என்று சொல்லிவிடும். பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, முன்சக்கரத்தில் ஆரம்பித்தார். ஒரு நட்டு, அதற்கு எதிரே இருக்கும் நட்டு, அப்புறம் அடுத்தது. டக். டக். அவர் தொப்பி மேல் பனி விழுந்தது. இரண்டாவது சக்கரத்துக்கு நகர்ந்தபோது, அவர் முதுகைப் பார்த்துத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"அந்தத் தாளைக் குடுக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க நல்லா இருக்கணும்னுதான் கடைக்குப் போனேன். நீங்க வராம இருக்கணும்னு இல்லை. குடுத்துட்டீங்கன்னா பரவாயில்லை. குடுக்கலேன்னா குடுக்காதீங்க."

டக். டக். மூன்றாவது சக்கரம். ஒரு நட்டில் கம்பி கால் சுற்று சுற்றிய பிறகுதான் சத்தம் கொடுத்தது.

"இது இளகியிருக்கு" என்றார். "நல்லவேளை வந்தீங்க."

பிறகு அந்த நட்டின் மேலிருந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தாளை வாங்கிட்டு வந்தேன் அத்தை. பேரு எழுத உக்காந்தேன். குளிருக்குப் பேனா மை உறைஞ்சுபோச்சு. அப்படியே விட்டுட்டேன்."

ஃபுககாவாவில் எந்த வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கிறது, எந்த மேசை மேல் மை உறைகிறது என்று நான் கேட்கவில்லை. கையுறையோடு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது கதவு திறந்தது. குட்டையான ஒரு பெண், இரண்டு கோட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் பெரிய கெண்டியோடு படியில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தாள். அகெமியை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துத் தலைகுனிந்தாள், என்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினாள். அதற்குப் பதிலாகச் சீக்கிரமாக ஏதாவது உதவி செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பனி அப்பிக்கிடந்த நான்காவது சக்கரத்தின் முன் உட்கார்ந்து கெண்டியைச் சாய்த்தாள்.

"ஊத்தாத."

மாப்பிள்ளையும் நானும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லியிருந்தோம். ஊற்றினால் அடுத்த நிமிடமே நட்டும் வாசலும் சேர்ந்து பனிக்கட்டியாகிவிடும். தெற்கத்திக்காரிக்கு அது எப்படித் தெரியும்? கெண்டி அந்தரத்தில் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி எங்கள் மூவர் முகத்துக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது.