சாயங்கால அறிவியல்

“வீட்ல சொல்லாம எத்தனை நாளைக்குடி இருப்பே?” என்று விஜயம் டீச்சர் கேட்டார்.

வாடிப்பட்டிப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கும் அறிவியல் மன்றத்தில் நான் மின்சார மணிக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டு அவர்தான் என்னைத் தனியே அழைத்துப்போய்த் துணி கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பெண் ஆளானால் படிப்பு அத்தோடு சரி. அக்கா மலையம்மாளை அப்படித்தான் எட்டாவதில் நிறுத்தினார்கள். “பத்தாவது முடிக்கிற வரைக்கும் டீச்சர்” என்றேன்.

“யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். போறுமா?” என்று என் கையில் அடித்துச் சொன்னார்.

அதன் பிறகு துணிகளைக் கண்மாய்க்கரையில் ஒளித்துக் காயவைத்துப் பள்ளிக்குப் போனேன். பயமாக இருக்கும். மன்றத்துக்குள் நுழைந்தால் மறந்துவிடும்.

பேட்டரி, கம்பி, விளக்கு எல்லாம் ரைஸ்மில் முதலாளி பேயாண்டி வாங்கிக் கொடுத்தவை. ஒருநாள் அவரே பார்க்க வந்தார். என் மணி அடித்ததும், “அட, கோயில் பூசாரிக்கு வேல போச்சுடா!” என்று சிரித்தார். போகும்போது டீச்சரை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். அலமாரிக்கு இந்தப் பக்கம் நான் நின்றது இருவருக்கும் தெரியாது.

“பொழுதடையிற வரைக்கும் பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கீக. ஆளான புள்ள எதுவும் இல்லேல்ல? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்பேருல்ல கெடும். அம்புட்டையும் தூக்கிட்டுப் போயிருவேன், பாத்துக்கங்க.”

டீச்சர் இல்லை என்று சொன்னால் போதும்.

“ஒருத்தி இருக்கா” என்றார் டீச்சர். “அவ வீட்ல நானே சொல்லிடறேன். மத்த குழந்தைகள் படிக்கட்டும்.”

அன்றே சொல்லியும்விட்டார். “கள்ளி! ஊருக்கெல்லாம் தெரிஞ்சு பெத்தவளுக்குக் கடைசியாத் தெரியுதாக்கும்” என்று அம்மா கன்னத்தில் இடித்தாள். அந்தக் கையோடு குலவையும் போட்டாள்.

சடங்கன்று ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. டீச்சர் தட்டில் வளையலும் பூவும் கொண்டு வந்தார். “வாங்க டீச்சர், ஒங்களாலதான இந்த விசேசமே!” என்று ஒச்சாயி அத்தை சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரிக்கப் பார்த்தார். குனிந்து என் கன்னத்தில் சந்தனம் தடவினார்.

எனக்குச் சபையில் பேச வராது. அவர் காதருகே மட்டும் கேட்டேன்.

“இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?”

சந்தன விரல் கன்னத்திலேயே நின்றது. பிறகு நிமிர்ந்து, சாப்பிடச் சொல்லி அம்மா இழுத்த கையை விடுவித்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினார். ஒன்றுதான் உடனே கிடைத்தது. மற்றதைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு மதுரை பஸ் வரும் பக்கமாக நடந்தார்.