தொம்மலூருக்குப் பத்து நிமிஷம்

பெங்களூரில் விமானம் தரையைத் தொட்டபோது மணி பத்து நாற்பது. கோழிக்கோட்டுக்குப் போகிற அடுத்த விமானம் மூன்று மணிக்கு. நடுவில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே என் கையில் இருந்தது. அதற்குள் நான் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. தொம்மலூருக்குப் போய் என் அக்கா சம்பூர்ணத்தைப் பார்த்து, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்.

அந்தப் பேச்சு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் பாறை குடைந்தவர். நான் ரயிலுக்காக மலை குடைகிறேன். அம்மா செத்தபோது இமாசலத்தில் ஒரு சுரங்கப்பாதைக்குள் இருந்தேன். சேதி வந்து, ரயிலேறி, தொம்மலூர் வந்து சேர மூன்று நாள் பிடித்தது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "எனக்காக ஒரு நாள் வச்சிருக்க முடியாதா உன்னால? இனிமே நீ செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். அந்த முறை அது வந்து சேரப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. லீவு கிடைத்தால் ரயிலில் நேராக என் மனைவியின் ஊரான ஆம்பூரில் போய் இறங்குவேன். பெங்களூர் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் அக்கா மகள் மோனிகா போன் செய்தாள். என் நம்பரை எங்கே தேடிப் பிடித்தாளோ தெரியாது. "மாமா, அம்மாக்கு ஹார்ட் ஆபரேஷன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கு மனசு கேக்கல." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சாமியும் இல்லை, சாபமும் இல்லை என்று பேசுகிற வீடு எங்களுடையது. சுவரில் புத்தர் படம் மட்டும்தான் இருக்கும். அந்த வீட்டில் வளர்ந்த நான், என் வாய் பலித்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி என்னைக் கேரளாவில் புதுச் சுரங்க வேலைக்கு மாற்றியிருந்தது. வெடிக்கான லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. மறுநாள் காலை முதல் வெடி. நான் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். உள்ளதைச் சொன்னால், அது மட்டுமே காரணமில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. டிக்கெட்டில் 'பெங்களூரில் மாற வேண்டும்' என்று பார்த்ததும், இது போதும் என்று தோன்றியது.

ஏர்போர்ட்டிலிருந்து தொம்மலூர் ஆட்டோவில் பத்து நிமிஷம். சின்ன வயதில் எங்கள் கூரைக்கு மேலே விமானம் இறங்கும்போது அலமாரியில் டம்ளர்கள் ஆடும். அக்காவிடம் மூன்று மணி நேரம் உட்காரலாம், முதல் ஒரு மணி நேரம் அவள் திட்டினாலும் மிச்சம் இரண்டு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, மோனிகாவிடம்கூட.

வெளியே வந்ததும் முதலில் நின்ற டாக்ஸிக்காரர் "எல்லிகே சார்?" என்று, எங்கே போக வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டார். நான் பதில் சொன்ன தினுசில் தமிழுக்கு மாறிக்கொண்டார். பேர் அய்யாவு, ஸ்ரீராம்புரத்துக்காரர்.

"தொம்மலூருக்கு டாக்ஸி எதுக்குங்க? ஆட்டோ ஸ்டாண்டு எந்தப் பக்கம்? பத்து நிமிஷம்தானே?" என்றேன்.

காலையிலேயே குடித்திருக்கிறேனா என்று பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "இன்னா சார் சொல்றீங்க? இது தேவனஹள்ளி. தொம்மலூரு நாப்பது கிலோமீட்டர் கீது. ஒன்ற மணி நேரம் ஆவும்."

"ஏர்போர்ட் ரோட்டுல..."

"அது ஓல்டு ஏர்போர்ட் சார். மூடி எம்மா வருசம் ஆவுது!"

பெங்களூரில் புது ஏர்போர்ட் கட்டிவிட்டார்கள் என்று எனக்கும் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து அங்கேயே பெரிதாகக் கட்டுவார்களே, அப்படித்தான் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர் அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்ற நினைப்பு.

மணி பதினொன்று பத்து. திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் என் கை வண்டிக் கதவைத் திறந்துவிட்டது.

சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. உள்ளே போக எவ்வளவு நேரமோ, வெளியே வர அவ்வளவு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். இரண்டரைக்குள் விமானத்தின் வாசலில் நிற்க வேண்டும். கணக்குப் போட்டுவிட்டு அய்யாவுவிடம் சொன்னேன். "பன்னண்டே முக்காலுக்கு நாம எங்க இருந்தாலும் சரி, வண்டியத் திருப்பிடுங்க. நான் அழுதாலும் திருப்பிடுங்க."

"அழுவீங்களா சார்?" என்றார். பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஹெப்பாள் வரை வண்டி பறந்தது. மேம்பாலத்தில் ஏறியதும் நின்றது. முன்னால் பார்த்தால் பஸ், பின்னால் பார்த்தால் லாரி. பதினொன்று ஐம்பத்தைந்து. பன்னிரண்டு. ஆயிரம் அடி மலைக்குக் கீழே, தலைக்கு மேல் தண்ணீர் சொட்டும்போதுகூட என் கை இப்படிச் சில்லிட்டதில்லை. போனிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தேன். இரண்டு முறை போனை எடுத்தேன், வைத்தேன். அவள் வாசலில் நின்று அவள் முகத்துக்கு நேரே வீசிய வார்த்தையை மேம்பாலத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பொறுக்குவது? அங்கே போய்த்தான் பொறுக்க வேண்டும்.

நாகவாரா தாண்டும்போது பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அய்யாவு ஒதுங்கி வழி விட்டார். எங்களைக் கடந்தபோது கழுத்தை வளைத்து உள்ளே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அக்காதான் படுத்திருக்கிறாள் என்று என் நெஞ்சு அடித்துச் சொன்னது. தொம்மலூரிலிருந்து எந்த ஆம்புலன்ஸும் இந்த வழியாக வராது. அதெல்லாம் எனக்குத் தெரியும். பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே உதவுகிறது?

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் தொம்மலூர். கண்ணாடி ஆபீஸ்களுக்குப் பின்னால் எங்கள் சந்து அதே அகலத்தில் இருந்தது. வண்டி நுழையாது. "பத்தே நிமிஷம் சார், நானே வந்து கூப்புடுறேன்" என்றார் அய்யாவு. ஓடினேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

எனக்கு உயிர் போய்விட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வந்து நின்றபோதும் இப்படித்தான் கிடந்தன. படியில் கால் வைக்க முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை. சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள், அட்மிட் ஆவதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். அவள் வீட்டுக்காரர் தாஸ் மாமா ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. வண்டியில் நூறு முறை சொல்லிப் பார்த்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அக்கா, அன்னிக்கு நான் சொன்னதை...

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சந்தோஷம் இருக்குமோ என்று உள்ளுக்குள் ஆசையும் இருந்தது. இரண்டும் இல்லை. ரத்தமெல்லாம் வடிந்து முகம் வெளுத்துப் போயிற்று. கை நெஞ்சுக்குப் போனது.

"மோனி," என்றாள் மகளைப் பார்த்து. "டாக்டரு இன்னா சொன்னாரு? எங்கிட்ட இன்னாத்த மறைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா..."

"ஒண்ணும் இல்லாமயா இவன் வந்து நிக்கிறான்? நான் செத்தாலும் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போனவன். நான் பொழைக்க மாட்டேன்னு சொல்லிக் கூப்ட்டீங்களா? மூஞ்சியப் பாத்துட்டுப் போவட்டும்னு கூப்ட்டீங்களா?" மூச்சு இழுத்தது. தாஸ் மாமா ரிப்போர்ட்டுகளைப் போட்டுவிட்டு அவள் முதுகைப் பிடித்தார். வேர்வை அவள் நெற்றியில் பொட்டுப் பொட்டாக நின்றது. "எனக்கு ஆபரேசன் வேணாம். நான் வரல."

அவளைக் கொல்லத்தான் வந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இப்போது வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டால் முடிந்தது கதை, அவள் நினைத்தது உறுதியாகிவிடும். மோனிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணிலும் அதே பயம்.

"ஆபரேஷனா?" என்றேன். "யாருக்கு ஆபரேஷன்?"

தாஸ் மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கூட்டமா கீது? நான் பிளைட்டு மாறணும். நடுவுல நாலு மணி நேரம் சும்மா கெடக்குது. ஏர்போர்ட்டுல டீ விக்கிற வெலைக்கு எவன் குடிப்பான்? இங்கதானே வூடு, போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு வந்தேன்." சட்டைப் பையிலிருந்து போர்டிங் பாஸை எடுத்து அவள் மடியில் போட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் அதைத் தூக்கி, தள்ளிப் பிடித்துப் படித்தாள். தேதி. மூன்று மணி. கோழிக்கோடு. என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் நம்பவில்லை.

"நாப்பது கிலோமீட்டர் டீ குடிக்கவா வந்தே?"

"நாப்பதுன்னு யாருக்குத் தெரியும்? ஏர்போர்ட் ரோட்டுலதான் ஏர்போர்ட் இருக்கும்னு நெனச்சேன். ஆட்டோவுல பத்து நிமிஷம்னு வெளிய வந்து பாத்தா பொட்டல் காடு. அந்த டாக்ஸிக்காரர் என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாரு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தானோ என்னவோ அது மட்டும் அவளுக்குள் இறங்கியது. நெஞ்சிலிருந்த கை மெல்லக் கீழே வந்தது.

"அடப் பாவி," என்றாள். "இங்கேர்ந்து ஏர்போர்ட்டு போயி பதினேழு வருசம் ஆவுதேடா!"

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு அக்கா. சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது. சாகப் போகிற அக்காவைப் பார்க்க வருகிறவன் ஏர்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாவது வந்திருப்பானே என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் முட்டாளாக இருந்ததற்கு வாழ்க்கையில் முதல் முறையாக நன்றி சொன்னேன்.

"அப்ப என்னைப் பாக்க வர்ல?"

"உன்னைப் பாக்க யாரு வந்தா?"

"நெஜமா?"

"டீ இருக்குதா, இல்லியா?"

மோனிகா அடுப்படிக்கு ஓடினாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அக்கா ஆபரேஷனைப் பற்றி எனக்கு விளக்கிச் சொன்னாள், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நம்பி. எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, காலிலிருந்து எந்த நரம்பை எடுத்து வைப்பார்கள் என்று விரலால் தன் நெஞ்சிலேயே கோடு போட்டுக் காட்டினாள். நான் புதிதாகக் கேட்கிறவனைப் போலத் தலையாட்டினேன். டீயை ஊதாமல் குடித்து நாக்கு வெந்தது.

வாசலில் அய்யாவு வந்து நின்றார். "சார், அஞ்சு நிமிஷம் ஜாஸ்தி ஆயிடுச்சி."

எழுந்தேன். வாங்கிக்கொள்ள வந்த பேச்சு அப்படியே என் வாயில் கிடந்தது. சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

"வரேன்க்கா."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி பலமாகவே இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொன்னே இல்ல, அத மாத்தாத. நான் செத்தா நீ வர வேணாம். நீ வந்து சேர்றதுக்குள்ள எப்படியும் எடுத்துடுவாங்க. உசுரோட இருக்கறப்ப வா. டீ தர்றேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா, இல்லையா? அந்தக் கண்ணைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்று கேட்க நேரமும் இல்லை. நான் ஓடினேன்.

திரும்பி வருகிற வழி முழுக்க அய்யாவு பேசவில்லை, நான் அழுதுகொண்டிருந்ததால் இருக்கலாம். ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்றி, மாட்டி, கடைசிக் கதவு வரை ஓடினேன். வாசலில் நின்ற பெண் என் பெயரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் கடைசி ஆள்.

இருக்கையில் விழுந்தபோது மோனிகாவின் குரல்பதிவு போனில் வந்திருந்தது. "மாமா, அட்மிட் பண்ணிட்டோம். அம்மா வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்குது. 'என் தம்பி எனக்காக வர்ல, ஏர்போர்ட்டு இன்னும் இங்கயே கீதுன்னு நெனச்சி டீ குடிக்க வந்தான்'னு. பி.பி. நல்லா கீதுன்னு டாக்டர் சொன்னாரு."

அதையே மூன்று முறை கேட்டேன். போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மலைக்குள் இருப்பேன், அங்கே எந்தச் சேதியும் எட்டாது.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படறீங்களா? ஒண்ணும் ஆகாது" என்றார். விமானத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஆமாம், ஒண்ணும் ஆகாது, அக்கா பிழைத்து வந்துவிடுவாள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். இந்த முறை நல்ல வார்த்தை சொல்லக்கூட வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.