பார்க்கலாம், தொடக்கூடாது

1

இந்தக் கதை எனக்கு ஒரு கொம்பியூட்டரோடு இலவசமாகக் கிடைத்தது. போன வாரம் மாத்தளையில் என் பழைய மாணவி டொறீனின் கடைக்குப் போனேன். பாகங்களை வரவழைத்து அவளே பூட்டி விற்பாள். கொம்பியூட்டரின் மூளையான புரொசசரை யாரிடம் வாங்குவதென்று எப்படித் தீர்மானிப்பாய் என்று கேட்டேன். வேகம், விலை என்பாள் என எதிர்பார்த்தேன்.

"பெட்டியப் பார்த்துதான், டீச்சர்" என்றாள்.

2

முதல் தொடக்கம்: கொழும்பில் இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள். ஒருவர் நல்லவர், மற்றவர்

(அடித்துவிட்டேன். இருவருமே நல்லவர்கள். கதைக்கு அது பெரிய தொந்தரவு.)

இரண்டாவது தொடக்கம்: யட்டவத்தயில் ஒரு பயிற்சி நிலையம் டொறீனிடம் பத்துக் கொம்பியூட்டர் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அதிகாரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். ஒன்று ஓடாவிட்டாலும் பத்தும் திரும்பிவிடும். பிறகு டொறீன் கடையை மூடிவிட்டு அண்ணனின் பேக்கரியில் பாண் விற்கப் போகவேண்டும்.

3

கொழும்பிலிருந்து அந்த இரண்டு வியாபாரிகள், இராசலிங்கமும் லாபிரும், மாதிரிக்கு ஆளுக்கொரு புரொசசர் பஸ்ஸில் அனுப்பினார்கள். வழியில் மூன்று சோதனைச்சாவடிகள்.

இராசலிங்கத்தினுடையது வேகமானது. வெள்ளித்தாள் சுற்றி, டேப் ஒட்டி, முத்திரையும் வைத்திருந்தார். யுத்தம் நடக்கிற இந்த நாட்களில் அப்படி ஒரு பார்சலை யார் சும்மா விடுவார்கள்? ஒரு சிப்பாய் கத்தியால் கிழித்தான். புரொசசரின் ஊசிக்கால்கள் வளைந்துபோயின.*

லாபிர் மஸ்கட் இனிப்பு விற்கிற பெட்டியில் அனுப்பினார். மூடி வழியே உள்ளே தெரியும். மேலே சிங்களத்தில் ஒரு துண்டுச்சீட்டு: 'கொம்பியூட்டரின் மூளை. பார்க்கலாம், தொடக்கூடாது.' மூன்று சாவடியிலும் பார்த்தார்கள். தொடவில்லை.

[இங்கே ஒரு சிப்பாயின் மனதுக்குள் போக ஆசைப்பட்டேன். அவனும் ஊரில் ஒரு… வேண்டாம். அவன் மூடியைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.]

4

எழுதியவரை டொறீனிடம் காட்டினேன். இராசலிங்கத்துக்கு நான் கற்பனையில் போட்டிருந்த தங்க மோதிரத்தை முதலில் கழற்றச் சொன்னாள். உள்ளே தெரிகிற பெட்டியில் அனுப்பும்படி அவரிடம் போனில் கேட்டாளாம். "என்ர சாமானை மஸ்கட், தொதல் மாதிரி அனுப்பச் சொல்லுறியோ, பிள்ளை?" என்றாராம்.

"அவரு நல்ல மனுசன், டீச்சர். பெட்டிதான் சரியில்ல."

அவருடையது வேகமானதாயிற்றே என்றேன்.

"வந்து சேராத வேகத்த வச்சு நான் என்ன செய்றது?"

பத்தும் லாபிரிடமே எடுத்தாள்.

நானும் எதையும் டேப் ஒட்டியே அனுப்புகிறவள். இராசலிங்கத்தை வில்லனாக்க வராதது அதனால்தானோ

5

பெட்டிகள் நேற்று, வியாழக்கிழமை, வந்தன. ஒன்பதைப் பூட்டிப் போட்டுப் பார்த்தாள். பத்தாவதைப் பூட்டி முடித்தபோது மின்வெட்டு. இன்று விடிந்தும் மின்சாரம் வரவில்லை. அதை அப்படியே பயிற்சி நிலையத்துக்குப் போகும் வானில் ஏற்றினாள். "முடிவ எழுதிடாதீங்க, டீச்சர். நான் வந்து சொல்றேன்."

மத்தியானம் மின்சாரம் வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முடிவு அ: பத்தும் ஓடின. (அவள் வருவதற்குள் சந்தோஷப்படுவது திருட்டு மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: டொறீன் பேக்கரியில், உள்ளே தெரிகிற பையில் பாண் போட்டு

(இல்லை. இதை என் கை எழுதாது.)

ஒன்பது திரைகளும் வெளிச்சமாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதன் முன்னிருந்து அதிகாரி ஒதுங்கி நிற்கிறார். டொறீன் பிளக்கைச் செருகிவிட்டாள். சுவிட்ச் உங்கள் பக்கம் இருக்கிறது. இதுவரை பார்த்தது போதும். இப்போது தொடுங்கள்.

---
* அந்தக் கால்களைத் தையலூசியால் நிமிர்த்தி, விலை குறைத்து எனக்குப் பூட்டித் தந்தாள். இதை அதில்தான் எழுதுகிறேன். நினைத்தாற்போல் நின்றுவிடுகிறது. மேலே பாதியில் விட்ட வாக்கியங்களில் எவை என்னுடையவை, எவை அதனுடையவை என்று கேட்காதீர்கள்.