இடது பக்கத்து ஸ்டூல்

மூன்று நடிப்புப் பயிற்சிகளின் துண்டுப் பிரசுரங்களை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தேன். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். தேவைதான். ஏதாவது ஒன்றில் சேர்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்த நாடகத்தில் எனக்கு வேஷம் கிடையாது என்று எங்கள் நாடகக் குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். போன மாதம், மகனை வழியனுப்பும் தாயாக மேடையில் நின்றேன். கண்ணீர் விட வேண்டிய இடத்தில், "இந்த வீட்டுச் சாவி என் கையில இருக்கற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வர முடியாது" என்றேன். ஆறு வருடத்துக்கு முந்தைய நாடகத்தின் வசனம் அது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. மகனாக நடித்த தையல்காரர் கையில் பெட்டியோடு திருதிருவென்று விழித்தார். நான் வசனத்தை மறந்து உளறிவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். நான் எதையும் மறக்கவில்லை. அக்கா அடியெடுத்துக் கொடுத்ததைத்தான் சொன்னேன்.

அக்கா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அதற்கு முன் பதினான்கு வருடம், மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் மடியில் பிரதியோடு உட்கார்ந்து அடியெடுத்துக் கொடுத்தவள் அவள்தான். வசனத்தின் முதல் இரண்டு சொல் அவளிடமிருந்து வரும், மீதியை நான் சொல்வேன். ஒரு நாடகத்தையாவது நான் முழுசாகப் பாடம் செய்ததில்லை. அக்கா இருக்கிறாள் என்ற சோம்பேறித்தனம். அவளுக்குப் பேசும்போது நாக்குத் திக்கும். கிசுகிசுத்தால் மட்டும் திக்காது. அந்தத் திரைக்குப் பின்னால் அவள் ஒரு சொல்லில்கூடத் தடுமாறியதில்லை.

வெளியில் இதற்கு நேர்மாறு. அவள் தொடங்குவாள், நான் முடிப்பேன். பேருந்தில், கடையில், டாக்டரிடம், எங்கேயும் அப்படித்தான். அவள் ஒரு எழுத்திலேயே மாட்டிக்கொண்டு தவிக்கும்போது எதிரில் இருப்பவர்கள் முகம் போகிற போக்கை என்னால் தாங்க முடியாது. நானே மிச்சத்தைச் சொல்லிவிடுவேன். சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அவள் தலையாட்டிவிடுவாள். வீட்டில் என்னை முந்திரிக்கொட்டை என்பார்கள். செல்லமாகச் சொல்கிறார்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இப்போது அவள் என் இடது காதில் இருக்கிறாள். மேடையில் மட்டும் இல்லை. யாரோ ஒருவரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியை வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க போனதுக்கு அப்புறம்" என்று ஏதோ பழைய வசனத்தின் தலை மட்டும் கிசுகிசுப்பாக வரும். கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. அது ஒருநாள் நின்றுபோய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கிசுகிசுப்பு ஒன்றுதான். இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் பயிற்சி நான்கு சனிக்கிழமை, கேமரா முன் நடிப்பது. வசனம் தப்பிப்போனால் என்ன செய்வீர்கள் என்று போனில் கேட்டேன். இன்னொரு டேக் எடுப்போம் என்று அந்தப் பெண் சிரித்தாள். எங்கள் மேடையில் இன்னொரு டேக் கிடையாது, அதனால் அது வேண்டாம். இரண்டாவது குரல் பயிற்சி, கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தினமும் சாயங்காலம். வீட்டுக்காரரின் ஓட்டு அதற்குத்தான். நேரில் போனேன். எட்டு வாரத்தில் உங்கள் குரலைத் தவிர வேறு எதுவும் உங்கள் காதில் விழாது என்று அதை நடத்துபவர் மார்தட்டினார். எனக்குத் தேவையான மருந்து அதுதான். படிவத்தை வாங்கி, பேனா மூடியையும் திறந்துவிட்டேன். அக்காவைத் துரத்த நானே கையெழுத்துப் போடுவதா என்று இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது மேடை நடிப்பு, பத்து ஞாயிற்றுக்கிழமை, ஊரின் அந்தக் கோடியில். முதல் வகுப்பைச் சும்மா வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. போனேன்.

ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு. சொல்லிக்கொடுக்கிற அம்மா வார நாட்களில் பல் டாக்டராம். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதில் கைதேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். என்னை ஒரு பஸ் டிரைவருக்கு எதிரில் உட்கார வைத்தார். டிரைவர் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொல்ல வேண்டும். அவர் முடிக்கும்வரை நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

டிரைவர் நிதானமான மனுஷன். பிரேக் போட்டுப் போட்டுப் பேசினார்.

"எங்க அப்பா கடைசியா..." என்று தொடங்கி நின்றார்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரா?" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

நிஜமாகவே அப்படியா என்று பல் டாக்டர் அவரிடம் கேட்டார்.

"இல்லீங்க" என்றார் டிரைவர். "ஆனா பரவாயில்ல. அவங்க சொன்னதே நல்லாத்தான் இருக்கு."

அந்தத் தலையாட்டலை நாற்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நா... நா..." என்று எதையோ தொடங்கினாள். "நாளைக்கு வரும்போது போர்வை கொண்டு வரணும், அதானே?" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். மறுநாள் போர்வையோடு போனேன். கட்டில் காலியாக இருந்தது.

"அவர் முடிக்கட்டும். நீங்க காத்திருங்க" என்றார் பல் டாக்டர்.

காத்திருந்தேன். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் இடது காதில் அவள் வந்தாள். கிசுகிசுப்பாக இல்லை. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அக்காவின் சொந்தக் குரல். "நா... நா..." என்று திக்கியது.

என் வாய் வரை எத்தனையோ வந்தது. நான் போயிடுவேன். நான் உன்மேல கோபமா இருக்கேன். நானும் ஒரு தடவை நடிக்கணும். ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்து விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க அப்பா கடைசியா ஒரு பாட்டுப் பாடச் சொன்னாரு" என்றார் டிரைவர். "எனக்குப் பாட வராதுன்னு சொல்லிட்டேன்."

அக்கா முடிக்கவில்லை.

அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். அவ்வளவு தூரம் போய் என்னதான் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். வாயை மூடிக்கொண்டிருக்க என்றேன். அப்படியென்றால் தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கிசுகிசுப்பு நின்றுவிட்டது. பழைய வசனம் ஒன்றும் வருவதில்லை. மருந்துக்கடைக்காரர் புதுப் பிரதியைக் கொடுத்து, பார்க்கலாம் என்றிருக்கிறார். லென்ஸ் தேய்கிற நேரத்தில் வரிவரியாக நானே பாடம் செய்கிறேன். புத்தி மழுங்கிக் கிடக்கிறது, ஆனாலும் ஏறுகிறது. கை சும்மா இருக்கும்போது மட்டும் இடது பக்கம் அந்தத் திக்கல் வருகிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அவள் இன்னும் அந்த முதல் எழுத்தைத் தாண்டவில்லை.

இரண்டாவது வகுப்பில், சுவரோரம் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்து என் இடது பக்கம் போட்டுக்கொண்டேன். யாராவது வருகிறார்களா என்று டிரைவர் கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன். "ஏதோ சொல்லிட்டிருக்கா. முடிக்கட்டும்."