கூட்டிப் போட்ட சருகு

எனக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஆண்டிமடத்து முந்திரித் தோப்பில் சருகு அள்ளி, அதற்குள் ஓடும் சிலந்திப்பேனை எண்ணுவது. கடுகில் கால்வாசி இருக்கும். ஆனால் மண்ணுக்குள் அதுதான் புலி. மற்றப் பூச்சிகளின் முட்டையைக்கூட விடாது. சருகைத் தகரப் புனலில் கொட்டி மேலே பல்பைப் போட்டால், சூடு தாங்காமல் கீழே இறங்கி ஸ்பிரிட் பாட்டிலில் விழும். மருந்து அடித்த தோப்பில் எத்தனை, அடிக்காத தோப்பில் எத்தனை என்று மூன்று வருடம் எண்ணி முடித்தால், தற்காலிக ஆளான என்னை நிரந்தரமாக்குவதாக, ஆய்வை நடத்தும் சிங்காரவேலு சார் சொல்லியிருந்தார்.

எண்பத்து மூன்று மாசியில் கடைசி அளவு. காலையில் போனால், மருந்து அடிக்காத தோப்பின் தரை துடைத்து விட்டது போலக் கிடந்தது. மூலையில் சாம்பல் புகைந்தது. நடுவில் விளக்குமாறோடு என் மனைவி பூமாலை.

கொட்டை விழுவதற்கு முன் மரத்தடியைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்.

“நாளைக்குப் பெரிய ஆபீசர் வராருல்ல? குப்பையா கெடந்தா ஒங்களத்தான ஏசுவாரு. அதான் வெள்ளனவே வந்துட்டேன்.”

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவள் முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. தப்பு என்னுடையது. பேன் எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ‘தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

“பக்கத்துத் தோப்புல அள்ளிட்டு வாப்பா,” என்றார், நடந்ததைக் கேட்ட சார். அங்கே மருந்து அடித்திருந்தார்களோ என்னவோ, மூன்றே மூன்றுதான் விழுந்தன.

“போன வருசம் எவ்வளவு?”

“நாப்பத்தொண்ணு சார்.”

“முப்பத்தெட்டுன்னு எழுது. உண்மைய எழுதுனா ஒன் வேலையும் போவும், என் மானமும் போவும்.”

எழுதினேன். மறுநாள் பெரிய ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்காமலே, “தோப்பு சுத்தமா இருக்கே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரையில் ஆர்டர் வந்தது. நிரந்தரம். கூடவே இன்னொரு தாள்: அதே தோப்பில் ஆய்வு இன்னும் ஐந்து வருடம் தொடரும், எண்ணுகிறவர் கொளஞ்சியப்பனாகிய நான் மட்டுமே. சருகெல்லாம் எரிந்த தோப்பில் இனி நாலைந்துதான் விழும்; அதை உள்ளபடி எழுதினால் முப்பத்தெட்டு பொய் என்று தெரிந்துவிடும். வருடா வருடம் பொய்தான் எழுத வேண்டும்.

பூமாலை தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள்.

“நான் கூட்டி வச்சதப் பாத்துத்தான் ஆபீசரு மனசு குளுந்துட்டாரு. இனிமே வருசா வருசம் நானே கூட்டிடறேங்க.”

வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பாள். சரி என்று தலையை ஆட்டினேன்.