மூன்றாவது மெமோ

மூன்றாவது மெமோவில் கையெழுத்துப் போட்டால் பூங்காவனத்துக்கு வேலை போய்விடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள அந்தக் கிடங்கில் பெருக்கித் துடைப்பவள் அவள். குற்றம்: மாப்புக் கட்டையால் சர்வரின் நெட்வொர்க் ஒயரைத் தட்டிவிட்டாள்.

பதினைந்து நாளாக மாலை நான்கரைக்கு சர்வர் ஊமையாகிறது. சரக்கைப் பதியும் நாற்பது ஸ்கேனர்களும் செத்துப்போகின்றன. வாசலில் லாரிகள் நிற்கின்றன. சர்வரை அணைத்துப் போட்டால் உயிர் வருகிறது. மாடிப்படிக்குக் கீழே சர்வர் இருக்கும் மூலையை அவள் துடைப்பதும் நான்கரைக்குத்தான். மேனேஜர் ஹேமநாதனுக்கு அது போதும்.

"நீ துடைக்கிற நேரத்துலதானம்மா நிக்குது?"

"நான் தொடைக்கிற நேரத்துலதான் சார் நீயும் டீ குடிக்கிற. உன் டீயையும் நான்தான் குடிக்கிறேனா?"

சிஸ்டம் பார்க்கும் முதஸ்ஸிர் குறுக்கே வந்தான். "ஒயர் கழண்டிருந்தா சர்வரோட பதிவுல 'லிங்க் டவுன்'னு ஒரு வரி விழும் சார். ஒருநாள்கூட விழல. நெட்வொர்க் கார்டை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர்தான் லோடு ஏறினா உறைஞ்சிடுது."

"அதெல்லாம் எனக்குப் புரியாது. அவ வந்தா நிக்குது."

முதஸ்ஸிர் ஒன்றைச் சொல்லவில்லை. பதினாறு நாளைக்கு முன் அந்த டிரைவரின் புதிய பதிப்பை ஏற்றியவன் அவன்தான். முதல் மெமோவின்போதே சந்தேகம் தட்டியது. தானும் ஒப்பந்த ஆள்தானே என்று வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாவது மெமோவைப் பார்த்ததும் பூங்காவனத்தை ஹால் நடுவே, எல்லோரும் பார்க்க, ஸ்டூலில் உட்காரவைத்தான். மாப்பு அவள் கையில். மணி மூன்றரை. பழைய கேமரா பதிவுகளை மொத்தமாக சர்வருக்குத் தள்ளினான். தினமும் நான்கரைக்கு அன்றைய பதிவுகள் போகும்போது ஏறும் அதே சுமை. மூன்றாவது நிமிடம் ஸ்கேனர்கள் செத்தன. ஒயர் மாட்டியிருப்பதைக் காட்டும் கார்டின் பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் எரிந்தது.

"பாத்துக்க சார். நான் இங்க குந்திகினு கீறேன்."

"டிரைவர மாத்தினது நான்தான் சார்," என்றான் முதஸ்ஸிர். "அப்பவே சொல்லியிருக்கணும்."

பூங்காவனம் திரும்பினாள். "அடப்பாவி! ரெண்டு வாட்டி கையெழுத்து வாங்கிட்டானுங்க. இப்ப சொல்றியா?"

ஹேமநாதன் பேனாவை எடுத்தார். மெமோவில் அவள் பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேலேயே முதஸ்ஸிர் என்று எழுதினார். 'கவனக்குறைவு' என்ற சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவருக்கு ஏதோ ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

"முன்ன போட்ட ரெண்டு?" என்றாள் அவள்.

"அது ஃபைலுக்குப் போயிடுச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப அதுலயும் என் பேர எழுதுங்க," என்றான் முதஸ்ஸிர்.

"மூணு ஆனா என்ன ஆகும், தெரியுமில்ல?" என்றார் ஹேமநாதன்.

"தெரியும் சார். பழைய டிரைவர திரும்ப ஏத்துறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

மணி நாலு. வெளியே முதல் லாரி ஹாரன் அடித்தது. ஹேமநாதன் ஜன்னலைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார், போய் ஃபைலைக் கொண்டுவந்தார். மூன்று தாளையும் கிழித்துத் தரையில் எறிந்தார்.

"பெருக்கு."

"நீ போட்டது. நீ பொறுக்கு சார்."

முதஸ்ஸிர் பழைய டிரைவரை ஏற்றினான். நான்கரை தாண்டியும் ஸ்கேனர்கள் நிற்கவில்லை. பூங்காவனம் மூலையைத் துடைத்தாள். முதஸ்ஸிர் "அக்கா" என்று கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. ஹால் முழுக்கத் துடைத்தாள். காகிதத் துண்டுகளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் விட்டுவிட்டாள்.